மியூனிக்கிலிருந்து வெனிஸ் வழியாக ஒரு நீண்ட கார் பயணம்: ஆலோசனை வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் இறுதியில், எழுபதைக் கடந்த என் பெற்றோருடன் மியூனிக்கில் வாடகைக் கார் எடுத்து, சால்ஸ்பர்க், லியூப்லியானா, வெனிஸ், டாலமைட் மலைகள், சுவிட்சர்லாந்து எனச் சுற்றி மீண்டும் மியூனிக்கிலேயே காரை ஒப்படைக்க எண்ணியுள்ளேன். வேறு நாட்டில் ஒப்படைத்தால் கூடுதல் கட்டணம் மிக அதிகம். ஷெங்கன் விசாவும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கைக்கு வந்துவிட்டன.

நெடுஞ்சாலைக் கட்டணம் செலுத்தியதற்கு அடையாளமான வில்லைகளில்தான் (vignette) ஐயம். ஆஸ்திரியாவில் பத்து நாள் வில்லை கிடைக்கிறது. சுவிட்சர்லாந்திலோ ஒரே நாள் ஓட்டினாலும் 40 பிராங்க் கொடுத்து ஆண்டு வில்லையே வாங்க வேண்டும். மியூனிக்கில் எடுக்கும் காரில் இவற்றுள் எது ஏற்கெனவே இருக்கும், எதை நாமே இணையத்தில் வாங்க வேண்டும்?

இத்தாலிய நகரங்களின் பழைய மையப் பகுதிகளில் அனுமதியற்ற வண்டிகளைக் கேமரா பதிவு செய்து அபராதம் அனுப்புகிறார்கள் என்பதால், வெனிஸுக்குப் போகும்போது அதன் அருகிலுள்ள மெஸ்த்ரேயில் காரை நிறுத்திவிட்டு ரயிலில் செல்வதே நல்லதென்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது, டாலமைட் மலைகளிலிருந்து சுவிட்சர்லாந்து போகும் வழியில், இத்தாலிய ஆல்ப்ஸில் 2,757 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்டெல்வியோ கணவாய். வடபுறச் சாலையின் 48 கொண்டை ஊசி வளைவுகளை முதியவர்களுடன் கடந்தவர்கள், தலைசுற்றலையும் உயரத்தையும் அவர்கள் எப்படித் தாங்கினார்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். மாற்று வழி உண்டென்றால் அதையும் கூறுங்கள்.