கோத்தகிரிக் குளிரில் சோப்பு பிரிந்துவிட்டது, உதவுங்கள்

வணக்கம் தோழமைகளே. கடைச் சோப்பு போட்டால் அம்மாவுக்குக் கை வெடிக்கிறது. அதனால் வீட்டிலேயே தேங்காய் எண்ணெய் சோப்பு செய்து பார்த்தேன்.

500 கிராம் எண்ணெய், 87 கிராம் காஸ்டிக் சோடா, 190 கிராம் தண்ணீர். எண்ணெயில் 5 சதவீதம் சோப்பாக மாறாமல் மிச்சம் நிற்கிற கணக்கு. சோடாவைத் தண்ணீரில்தான் போட்டேன், மாற்றிச் செய்யவில்லை. கரைசல் நன்றாக ஆறிய பிறகு, சோப்புக்கென்றே ஒதுக்கிய எவர்சில்வர் மிக்ஸி ஜாரில் எண்ணெயோடு சேர்த்து, நிறுத்தி நிறுத்தி அடித்தேன். ஒரே நிமிடத்தில் இட்லி மாவு மாதிரி கெட்டியானது. சந்தோஷமாக அச்சில் ஊற்றிவிட்டேன்.

காலையில் பார்த்தால் மேலே வெள்ளையாக உறைந்த எண்ணெய், அடியில் சோடாத் தண்ணீர். குளிர்மேல்தான் எனக்குச் சந்தேகம். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உறையும். இங்கே சமையலறையே அதைவிடச் சில்லென்று இருக்கிறது. அப்படியானால் நான் பார்த்தது வெறும் எண்ணெய் உறைந்த கெட்டிதானோ?

மலையில் சோப்பு செய்கிறவர்கள் சொல்லுங்கள், எண்ணெயையும் கரைசலையும் எத்தனை டிகிரியில் சேர்க்கிறீர்கள்? சூடாக ஊற்றினால் மூடிய ஜாரிலிருந்து தெறிக்குமே என்று பயமாக இருக்கிறது. கை பிளெண்டர் வாங்கிவிடலாமா? அப்புறம், பிரிந்து கிடப்பதை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கித் திரும்ப அடித்தால் சேருமா? அரை கிலோ எண்ணெய், கொட்ட மனசு வரவில்லை.