சின்லே போய் வந்த கதை: அரிசோனாவில் ஒரு தேரி

ஊர் மக்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம்.

சிட்னி அண்ணாச்சி போன வாரம் போட்ட மடலுக்கு ரெண்டு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜூலையில் வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகள் இருபது பேரைத் திரட்டி ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும், ஊர்க் கோயிலில் (சர்ச்சில்) வி.பி.எஸ்., அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி, நடத்த வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும், கடைசி நாலு நாள் குற்றாலம், கன்னியாகுமரி என்பது அவர் யோசனை. (அண்ணாச்சி, ஜூலையில் உங்கள் சிட்னிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை கிடையாது, அதை முதலில் பாருங்கள்.) நல்ல யோசனைதான். ஆனால் 2025 ஜூலையில் நாங்களும் இதே மாதிரி ஒரு ஊழியப் பயணம் போய் வந்தோம். போட்ட திட்டத்தில் ஒன்றுகூட நடக்கவில்லை. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.

இங்கே டாலஸில் நாங்கள் போகும் சர்ச்சிலிருந்து மூன்று குடும்பம், ரெண்டு வண்டி, பதினொரு பேர். போன இடம் நவஹோ பழங்குடி மக்களின் பூமி. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்று மூன்று மாநிலத்தில் பரந்து கிடக்கும் தனி ஆட்சிப் பகுதி அது. அதில் சின்லே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சர்ச். திட்டம் இதுதான்: ஐந்து நாள் வி.பி.எஸ்., கூடவே சர்ச் ஹாலுக்குப் பெயின்ட், அது முடிந்ததும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் வடகரையில் உள்ள பழைய லாட்ஜில் ரெண்டு ராத்திரி. பிள்ளைகள் வந்ததே அந்த ரெண்டு ராத்திரிக்காகத்தான். ஒளிக்க என்ன இருக்கிறது?

ஜூலை 12, சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். அமரில்லோவில் தலைகுப்புறப் புதைத்து வைத்திருக்கும் பத்துக் கடிலாக் கார்களுக்குப் பிள்ளைகள் சாயம் அடித்தார்கள். ராத்திரி நியூ மெக்சிகோவில் உள்ள கேலப்பில் தங்கினோம். காலையில் எழுந்து போனைத் திறந்தால், வடகரை லாட்ஜ் எரிந்து சாம்பல். ஜூலை 4 அன்று விழுந்த இடியில் பிடித்த காட்டுத்தீ, முந்தின ராத்திரி லாட்ஜை விழுங்கிவிட்டது. அந்த வருஷத்து மிச்ச சீசனுக்கு வடகரையையே மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். எங்கள் சின்னவன் பான்கேக்கைத் தொடவே இல்லை.

அன்றைக்கே அடுத்த சறுக்கல். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அரிசோனாவில் மாற்ற மாட்டார்கள், இது நமக்குத் தெரியும். அதனால் நியூ மெக்சிகோ எல்லையைத் தாண்டினால் ஒரு மணி நேரம் மிச்சம் என்று கணக்குப் போட்டு, ஆற அமரக் கிளம்பினோம். பத்து மணி ஆராதனைக்குச் சரியாகப் பத்துக்குப் போய் நின்றால், அங்கே மணி பதினொன்று, ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அரிசோனா மாற்றாவிட்டாலும் நவஹோக்காரர்கள் மாற்றுவார்கள். அவர்கள் பூமிக்கு நடுவில் ஹோபி மக்களின் பூமி இருக்கிறது, அவர்கள் மாற்றுவதில்லை. ஒரே சாலையில் மேற்கே போனால் கடிகாரம் பின்னால் போகும், முன்னால் வரும், மறுபடி பின்னால் போகும். பாஸ்டர் சிரித்தார். "வருகிற எல்லாக் குழுவும் ஒரு மணி நேரம் பிந்தித்தான் வரும், உங்களுக்குச் சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறோம்" என்றார்.

வண்டியிலிருந்து இறங்கியதும் எனக்கு முதலில் பட்டது மண். நம் ஊர்ப் பக்கத்துச் செம்மணல் மேடான குதிரைமொழித் தேரியை அப்படியே கொண்டுவந்து கொட்டியது மாதிரி அதே செம்மண். காற்றடித்தால் பல்லில் நறநற என்கிற அதே மணல். உடைமரம் இல்லை, பனை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தேன். மகள் என்னைத் தெரியாதவள் மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டாள்.

திங்கட்கிழமை வி.பி.எஸ். தொடங்க வேண்டும். அறுபது காகிதக் கிரீடம், பசை, மினுமினுப்புத் தூள் எல்லாம் மேஜையில் பரப்பியாயிற்று. வந்தது நாலு பிள்ளைகள். அந்த வட்டாரத்தில் ஒரு பெரிய குடும்பத்தில் சாவு. எல்லாருக்கும் அது சொந்தம். யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. நம் ஊரில் ஒரு துஷ்டி விழுந்த வாரத்தில் யாராவது வந்து பாட்டும் கூத்தும் என்று கூப்பிட்டால் அனுப்புவோமா? பாஸ்டர் வி.பி.எஸ்.ஸை நிறுத்திவிட்டார்.

சரி, பெயின்டாவது அடிப்போம் என்று ஹாலுக்குப் போனோம். சுவிட்ச் போர்டு ஓரத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. மேலே வெண்ணெய் நிறம், அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் பச்சை. போன கோடையில் வந்தவர்கள், அதற்கு முந்தின கோடையில் வந்தவர்கள், அதற்கும் முன்னால் வந்தவர்கள். நான் பாஸ்டர் முகத்தைப் பார்த்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்கு அடிக்க ஆசை என்றால் அடியுங்கள். ஆனால் எனக்கு டிரக் ஓட்டத்தான் ஆள் வேண்டும்."

அப்படித்தான் தண்ணீர் வேலைக்குப் போனோம். அந்தப் பூமியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது என்று சொல்கிறார்கள். நம் பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி அவர்களுக்குச் சாப்டர் ஹவுஸ் என்று ஒன்று. நாங்கள் போன இடத்தில் அங்கேதான் குழாய். பிக்கப்பில் 55 காலன் டிரம் நாலு ஏற்றி, அங்கே நிரப்பி, தகரக்கூரையில் ஓடுகிற மாதிரி தடதடக்கும் மண்சாலையில் மெதுவாக உருட்டிக்கொண்டு போக வேண்டும். வேகமாகப் போனால் மூடி தெறித்துப் பாதித் தண்ணீர் மண்ணுக்கு. வீட்டுக்குப் போனதும் குழாய் போட்டு, வாயால் உறிஞ்சி, அவர்கள் டிரம்முக்கு இறக்க வேண்டும். முதல் தடவை என் வாய் நிறையத் தண்ணீர். மண்ணெண்ணெய்ப் பீப்பாயிலிருந்து ரேஷன் கடைக்காரர் உறிஞ்சுவாரே, அது ஞாபகம் வந்தது. மகள் போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, ஒரு டிரம்மில் எனக்கு ரெண்டு குளியல்தான்" என்றாள். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க குளியலைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை.

அந்த ஓட்டத்தில் கிடைத்தவர்தான் ஆச்சி. எண்பதைத் தாண்டியவர், தனி வீடு, ஆறு ஆடு, நாலு நாய். எல்லாரும் அவரை "ஷிமாசானி" என்றுதான் கூப்பிட்டார்கள். என் அம்மாவைப் பெற்றவள் என்று அர்த்தமாம். அப்போ ஆச்சிதானே, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மூத்தவனைப் பார்த்து நீ யார் என்று கேட்டார், பேத்தி மொழிபெயர்த்தாள். இவன் பெயரைச் சொல்லி, பிளேனோ, டெக்சஸ் என்றான். ஆச்சிக்கு அது பதிலாகவே படவில்லை. அவர்கள் முறையில் தன்னைச் சொல்வதென்றால் முதலில் அம்மாவின் குலம், பிறகு அப்பாவின் குலம், அப்புறம் அம்மா வழித் தாத்தா, அப்பா வழித் தாத்தா, நாலையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் நீ எனக்குப் பேரனா, மருமகனா என்று தெரியும். நம் ஊர் பஸ் ஸ்டாப்பில் இறங்கினதும் "நீ யாரு மவன்லே?" என்று கேட்பார்களே, அதேதான். நான் அவனுக்கு எடுத்துக் கொடுத்தேன்: அம்மா நாசரேத், அப்பா தேரிக்காடு, ஒரு தாத்தா பனையேறி, இன்னொரு தாத்தா வாத்தியார். ஆச்சி தலையாட்டிவிட்டு அவனுக்கு ஒரு கோடாரியைக் கொடுத்தார். குளிர்காலத்துக்கு விறகு பிளக்க வேண்டும். அந்த ஊர் ஐயாயிரம் அடிக்கு மேல் உயரம். பத்து வெட்டுக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினான்.

புதன்கிழமை ராத்திரி பாஸ்டரோடு உட்கார்ந்து பேசினேன். அவருடைய அம்மா படித்தது விடுதிப் பள்ளியில். தாய்மொழி பேசினால் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவுவார்களாம், தலைமுடியை வெட்டிவிடுவார்களாம். அரசாங்கமும் மிஷன்களும் அந்தப் பள்ளிகளை நடத்தின. அப்படி ஒடுக்கின அதே மொழியில்தான் 1942-இலிருந்து அமெரிக்க மரைன் படையில் இருந்த நவஹோ வீரர்கள் ஜப்பானுக்கு எதிரான போரில் ரகசியச் செய்தி அனுப்பினார்கள். உங்கள் ஊருக்கு வந்த மிஷனரிகள் எப்படி என்று பாஸ்டர் கேட்டார். இடையன்குடியில் அரை நூற்றாண்டு இருந்த கால்டுவெல், நம் மொழியைப் படித்து 1856-இல் ஒப்பிலக்கணம் எழுதியதைச் சொன்னேன். மெஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி என்றேன், சும்மா விடுவேனா? அப்புறம் மனசு கேட்காமல், அதே கால்டுவெல் 1849-இல் நம் மக்களைத் தாழ்த்தி எழுதிய புத்தகத்தைப் படித்து நம்மவர்கள் கொதித்ததையும் சொன்னேன். "அப்போ நீங்களும் எங்களை மாதிரி மிஷனரிகளிடம் நல்லதும் கெட்டதும் வாங்கினவர்கள்தான்" என்றார். ஆமாம் என்றேன். ஆனால் வாங்கினவர்கள் 1903-லேயே பாளையங்கோட்டையில் தங்களுக்கென்று ஒரு மிஷனரி சங்கம் ஆரம்பித்து, கைக்காசு போட்டுத் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள் என்றும் சொன்னேன். அந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா 1912-இல் தெலுங்கு நாட்டுத் தோர்னக்கலுக்குப் பேராயர் ஆனதை அவர் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். போனவர்கள் அங்கேயே இருந்தார்கள், தெலுங்கு படித்தார்கள். நாங்கள் எட்டு நாளில், வணக்கம் சொல்ல "யாஅத்ஏ" என்ற ஒரே வார்த்தை படித்தோம். அதையும் தப்பாகத்தான் சொன்னோம்.

வியாழக்கிழமை பள்ளத்தாக்குக்குள் ஜீப்பில் போக ஏற்பாடு. சின்லேயில் கேன்யன் டி ஷே என்று ஒன்று இருக்கிறது. தேசிய நினைவுச்சின்னம், ஆனால் நிலம் முழுக்க நவஹோ மக்களுடையது. உள்ளே இறங்க அவர்களில் ஒரு வழிகாட்டி கூட வர வேண்டும். கீழே இன்னும் சில குடும்பம் சோளம் போடுகிறது. முந்தின நாள் மழையில் வாய்க்காலில் செந்தண்ணீர் வந்துவிட்டது, ஜீப் ரத்து. அதனால் மேலே விளிம்புச் சாலையில் போய்ப் பார்த்தோம், அதற்குக் காசும் இல்லை. கடைசி முனையில் சிலந்திப் பாறை: பள்ளத்தாக்கின் அடியிலிருந்து எழுநூறு, எண்ணூறு அடிக்கு ஒற்றையாக நிற்கும் செம்மணற்கல் தூண். நெசவைக் கற்றுக்கொடுத்த சிலந்திப் பெண் அதன் உச்சியில் இருக்கிறாள் என்பது அவர்கள் கதை. பாஸ்டர் கீழே கை காட்டினார். 1864-இல் ராணுவம் வந்து அந்த அடிவாரத்திலிருந்த பீச் மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்தது. மக்களை முன்னூறு மைலுக்கு மேல் நடத்திக் கொண்டுபோய் நாலு வருஷம் அடைத்து வைத்தது. 1868 ஜூனில் ஒப்பந்தம் போட்டுத் திரும்ப நடந்து வந்தார்கள். மரத்தை வெட்டினால் மக்கள் தன்னால் போவார்கள் என்ற கணக்கு. தேரியில் ஒருவன் பனை முழுவதையும் வெட்டினால் நாம் என்ன ஆகியிருப்போம் என்று எனக்குத் தோன்றியது, சின்னவனிடம் சொன்னேன். அவன், "கிராண்ட் கேன்யன் போவோமா மாட்டோமா?" என்றான்.

போனோம். சனிக்கிழமை தென்கரைக்கு நாலு மணி நேரம் ஓட்டி, அறை கிடைக்காததால் ஒரு பகலோடு திரும்பினோம். டெசர்ட் வியூ கோபுரத்தில் ஏறி நின்றால் எதிர்க்கரையில் புகை. பள்ளத்தாக்குக்குள் பால் ஊற்றின மாதிரி தேங்கி நின்றது. பாதி கேன்யன்தான் தெரிந்தது. அவ்வளவுதான், அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

அண்ணாச்சிக்கு நான் சொல்ல வந்தது. எங்களுக்குக் குடும்பத்துக்கு 2,300 டாலர் செலவு. அந்தக் காசை அனுப்பியிருந்தால் எத்தனையோ லோடு தண்ணீர் போயிருக்கும் என்று என் மனைவி திரும்பி வருகிற வழியிலேயே சொன்னாள், அது உண்மை. ஆனாலும் பிள்ளைகளைக் கூட்டிப்போனது தப்பு என்று அவளும் சொல்லவில்லை. ஊருக்கும் கூட்டிப்போங்கள், நாங்களும் வருகிறோம். ஆனால் வெள்ளையடிப்பதை விடுங்கள். அதற்கு ஊரில் ஆள் இருக்கிறது, கூலி கொடுத்தால் அவர்கள் வீட்டில் அடுப்பெரியும். தேதியை நாம் குறிக்காமல், நம் சர்ச் பாஸ்டரான சேகரத்து ஐயரையும் ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சரையும் கேட்போம். சர்ச்சில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்குக் காய் நறுக்க ஆள் வேண்டும் என்றால் பிள்ளைகள் நறுக்கட்டும். ஊழியம் என்ற வார்த்தையை மட்டும் நோட்டீசில் போட வேண்டாம், எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்று. கிளம்புகிற நாள் ஆச்சி எங்களுக்கு நீலச்சோள மாவில் களி கிண்டிக் கொடுத்தார். கிளைகளை எரித்த சாம்பலைச் சலித்துப் போடுகிறார்கள், சாம்பல் நிறத்தில் இருக்கும், இனிப்பு கிடையாது. என் மனைவி பையில் ஒரு உடன்குடிக் கருப்பட்டி வைத்திருந்தாள். தட்டிப் போட்டோம். ஆச்சி ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு இது எந்த மரம் என்று கேட்டார். பனையை மணலில் விரலால் வரைந்து காட்டினேன். போன மாதம் பேத்தியிடமிருந்து செய்தி: அந்தக் கறுப்புச் சர்க்கரை இன்னும் கிடைக்குமா என்று ஆச்சி கேட்கிறாராம்.

எனவே டிசம்பரில் ஊரிலிருந்து அமெரிக்கா வருகிறவர்கள் யாராவது இருந்தால், ரெண்டு கிலோ போதும், புட்டுக் கருப்பட்டி வேண்டாம், பழைய கருப்பட்டியாகப் பார்த்து வாங்குங்கள். சுங்கத்தில் மறக்காமல் எழுதிக் காட்டிவிடுங்கள். காசை நான் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
டாலஸ் தம்பி