முள்ளெலியும் ராத்திரி வெளிச்சமும்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கோட்டாறு வாசி

எங்கள் முள்ளெலிக்கு அயனி என்று பெயர். முள் முள்ளாக இருக்கிற காட்டுப் பலா, அந்த அயனிச்சக்கை மாதிரியே இருப்பாள், அதனால். வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. வளர்க்கிறவர்களுக்கு விளக்க வேண்டாம்: பகலெல்லாம் தூக்கம், ராத்திரி பத்தரைக்கு மேல் கூண்டுச் சக்கரத்தில் ஓட்டம், விடிகிற நேரத்துக்குத் திரும்பத் துணிக்குள்.

போன டிசம்பர். சவேரியார் கோயில் திருவிழா 3-ஆம் தேதி முடிந்த கையோடு எங்கள் வீட்டு முன்வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் ஏறிவிட்டது. ஹாலில் குடில். அதைச் சுற்றி சீரியல் செட், மினுக்கி மினுக்கி எரிவது. கூண்டிலிருந்து நாலடிதான் குடில். ராத்திரி அணைக்கப் போனால் அம்மா விடவில்லை. "பாலன் ஏசு இருக்க இடத்துல வெளக்கு அணையப்பிடாது மக்கா."

ஒரு வாரத்தில் சக்கரச் சத்தம் நின்றுவிட்டது. சாப்பாடு பாதி அப்படியே கிடந்தது. டாக்டரிடம் கொண்டு போனேன். எடை 30 கிராம் குறைந்திருந்தது. நகம், காது, தோல் எல்லாம் பார்த்தார், சொட்டு மருந்து எழுதினார். வெளிச்சத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கே தோன்றவில்லையே.

22-ஆம் தேதி ராத்திரி ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்று வேர்த்து முழித்துக்கொண்டேன். தெரு முழுக்க இருட்டு. கொஞ்ச நேரம் கழித்து ஹாலிலிருந்து டர்ர்ர் என்று சத்தம். போனில் டார்ச் அடிக்காமல் சுவரைத் தடவிக்கொண்டு போய் நின்றேன். ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும். இத்தனை நாள் ஓடாததை எல்லாம் சேர்த்து ஓடுகிறாள். சக்கரம் அதிர்ந்து கூண்டுக் கம்பியில் இடிக்கிறது.

கரண்ட் வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் உறுமியது, குடிலும் ஸ்டாரும் ஒன்றாக எரிந்தன. அவள் சக்கரத்தில் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அப்படியே நின்றாள். மூக்கு மட்டும் ஆடியது. நெற்றி முள்ளைக் கண்வரை இழுத்துக்கொண்டாள், உச்சி வெயிலுக்கு நாம் முந்தானையை இழுத்துவிடுவோமே, அந்த மாதிரி. பிறகு இறங்கிப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போனது மாதிரிகூட இல்லை. பழகிப்போனவர்கள் போவது மாதிரி.

அதுதான் மறக்க மாட்டேன் என்கிறது. உங்கள் வீட்டில் விளக்கு, நேரமெல்லாம் எப்படி?

முப்பந்தல் காற்று

நான் வளர்க்கவில்லை, பார்த்தது மட்டும். காற்றாலையில் வேலை. ஆரல்வாய்மொழி தாண்டி ராத்திரி பதினொன்றுக்கு வண்டியில் வரும்போது ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒன்று ரோட்டின் நடுவில் உருண்டையாகக் கிடந்தது. கல் என்று நினைத்து ஒதுங்கப் பார்த்தேன். கல் மூச்சு விட்டது.

நம் ஊர் முள்ளெலி. பின்னால் லாரி ஏதும் வரவில்லை என்று பார்த்துவிட்டு லைட்டை அணைத்து நின்றேன். காற்றாடி இறக்கை சுற்றுகிற சத்தம் மட்டும். மூன்று நிமிஷம் இருக்கும், சருகு சரசரவென்றது. லைட்டைப் போட்டபோது ரோடு காலி.

சின்ன வயதில் எனக்குக் கக்குவான் இருமல் வந்தபோது பாட்டா முள்ளெலி முள்ளைச் சுட்டுச் சாம்பலாக்கித் தேனில் குழைத்து நாக்கில் தடவினார். ஊரில் அப்போது எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். இருமல் தானாக நின்றதா, சாம்பலில் நின்றதா, யார் கண்டது. அன்றைக்கு அந்த இருட்டில் நிற்கும்போது வாயில் அந்தச் சாம்பல் ருசி வந்தது.

தோவாளைப் பூக்காரன்

தம்பி, அது முள்ளம்பன்றிக் குட்டியாக இருக்கும். எங்கள் விளையில் கிழங்கு தோண்டித் தின்கிறது. முள்ளை எறிந்து குத்தும், கிட்டப் போகாதே. கிடைத்தால் பிடித்து இவர்கள் மாதிரி கூண்டில் வளர்க்கலாமா?

முப்பந்தல் காற்று

அண்ணே, முள்ளம்பன்றி கிழங்கைக் கொறிக்கும், இது வண்டும் புழுவும் தின்னும். முள்ளம்பன்றி முள் ஒரு சாணுக்கும் இருக்கும், இதன் முள் ஒரு விரல் நீளம்கூட வராது. வயிற்றில் முடி குறைவு என்பதால் 1851-இல் ஹார்ஸ்ஃபீல்டு என்ற விலங்கியலாளர் இதற்கு வைத்த லத்தீன் பெயருக்கே மொட்டை வயிறு என்றுதான் அர்த்தம். முள்ளை எறிவதெல்லாம் இரண்டுமே செய்யாது. காட்டிலிருந்து பிடித்து வளர்த்தால் வனத்துறை கேஸ் போடும். இங்கே இவர்கள் கூண்டில் வைத்திருப்பது ஆப்பிரிக்க ஜாதி, அது வேறு.

குலசேகரம் பால்வெட்டு

மகளுக்காக வாங்கியது. கூண்டு இருக்கிற அறையில்தான் என் கத்தி, வாளி, தலைலைட்டு எல்லாம். ரப்பர் வெட்டுக்குக் காலை மூன்று மணிக்கு எழுந்துவிடுவேன். எழுந்ததும் டியூப்லைட்டைப் போடுவேன். அது சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, அந்த நொடியோடு அன்றைய பொழுது அதற்கு முடிந்தது. மகள்தான் கண்டுபிடித்தாள். "அப்பா, நீங்க அதுக்கு மூணு மணிக்கே விடிய வச்சிருதீங்க." அப்புறம் சாமானையெல்லாம் திண்ணைக்கு மாற்றிவிட்டேன்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. ஒருநாள் வெட்டு முடித்து, மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலைப் பிரித்துச் சாக்கில் போட்டுவிட்டு, கை கழுவாமல் வந்து அதைத் தூக்கினேன். ஒட்டுப்பால் நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். விரலை நக்கியது, லேசாகக் கடித்தது. பிறகு வாயில் நுரை. வெள்ளையாக, சோப்பு நுரை மாதிரி. தலையை முதுகுப் பக்கமாக முறுக்கி நாக்கை நீட்டி அந்த நுரையை முள்ளில் அப்பியது. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம். விழுந்தது, எழுந்தது, மறுபடியும் அப்பியது. பேய்நாய்க் கடி நோய் என்று முடிவு கட்டிவிட்டேன். மகளை அறைக்குள்ளே விடவில்லை. என் விரலில் ரத்தம் வந்திருக்கிறதா என்று விளக்கடியில் பத்து தரம் பார்த்தேன்.

புது வாசனை கிடைத்தால் அப்படிச் செய்யுமாம். எதற்கென்று படித்தவர்களே அடித்துச் சொல்லவில்லை. இப்போது சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம் நான் சிரிக்கவில்லை.

குன்னூரில் மார்த்தாண்டத்துக்காரன்

இரண்டு வருஷம் முன்பு ஜனவரியில் ஹீட்டர் பல்பு போய்விட்டது. காலையில் பார்த்தால் கல் மாதிரிக் குளிர்ந்து கிடந்தான். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பின்பக்கம் குழி தோண்டவே ஆரம்பித்துவிட்டார். சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் தொப்புள் பக்கம் ஒரு முள் குத்தியது. அம்மாவைக் கூப்பிட்டு மண்வெட்டியைக் கீழே போடச் சொன்னேன். என் கதை அவ்வளவுதான்.

கோட்டாறு நண்பரே, உங்கள் விஷயத்தில் ஸ்டார் மேல் பழி போடுவது அவசரம் என்று நினைக்கிறேன். முதலில் வெப்பத்தைப் பாருங்கள். இது ஆப்பிரிக்க உயிர், குளிர்காலத் தூக்கம் அதன் உடம்புக்குத் தாங்காது. 23-லிருந்து 27 டிகிரிக்குள் கூண்டு இருக்க வேண்டும். 20-க்குக் கீழே போனால் தூங்கப் பார்க்கும், அந்தத் தூக்கத்தில் செத்தும் போகலாம். குளிர்ந்து கிடந்தால் சுடுதண்ணீரில் போடாதீர்கள், உடம்புச் சூட்டில் மெதுவாகத்தான் எழுப்ப வேண்டும். இரண்டாவது, வெளிச்சம். ராத்திரி இருட்டு எவ்வளவு முக்கியமோ பகலில் வெளிச்சமும் அவ்வளவு முக்கியம். நிறையப் பேர் ராப்பிராணிதானே என்று ஸ்டோர் ரூமில் வைத்துவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம் வெளிச்சம் வேண்டும், இல்லையென்றால் குளிர்காலம் வந்துவிட்டது என்று உடம்பு நினைத்துக்கொள்ளும். நான் டைமர் பிளக் போட்டிருக்கிறேன், காலை ஏழுக்கு எரியும், ராத்திரி எட்டுக்கு அணையும். ஞாயிற்றுக்கிழமை, திருவிழா என்று எந்த விதிவிலக்கும் கிடையாது. வெயில் நேராக விழுகிற ஜன்னலோரம் கூடாது. சூட்டுக்கு வெளிச்சம் வராத செராமிக் பல்புதான் நல்லது. சிவப்பு பல்பு போட்டால் அதற்குத் தெரியாது என்பார்கள். மங்கலாக இருந்தால் சரி, கடைகளில் விற்கிற 100 வாட் சிவப்பு பல்பு போட்டால் நமக்கே தூக்கம் வராது. சாப்பாடு விளக்கணைந்த பிறகு, கூண்டு சுத்தம் காலையில். சக்கரம் 12 அங்குலம், கம்பி இருக்கக்கூடாது, கால் மாட்டிக்கொள்ளும். பால் கொடுக்கவே கூடாது, வயிற்றால் போகும். யாரும் கேட்கவில்லை, தெரியும். சொல்லிவிட்டேன்.

திங்கள்சந்தை அக்கா

குன்னூர் தம்பி, கோட்டாறில் டிசம்பர் ராத்திரி எத்தனை டிகிரி என்று உங்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. அவர் ஃபேன் நின்றால் வேர்க்கிறது என்று எழுதியிருக்கிறார், நீங்கள் குளிரைப் பற்றி ஒரு பாராயணம். நம் மாவட்டத்தில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் வராது. ஜன்னல் உள்ள அறையில் வைத்தால் சூரியனே டைமர். இங்கே தட்டுப்பாடு இருட்டுக்குத்தான். தெருவிளக்கு, டிவி, மாமியார் சீரியல், பையனின் போன், எல்லாம் போய் அடங்க பன்னிரண்டு மணி.

எங்கள் வீட்டில் பயமே சித்திரை வெயில். ஒரு மத்தியானம் ஆப்பம் மாதிரிப் பரந்து கிடந்தது, நாலு காலும் நாலு பக்கம். தொட்டால் சுருளவும் இல்லை. முள்ளெலி சுருளவில்லை என்றால் எனக்குக் கை நடுங்கும். பழைய வீட்டு ஓடு ஒன்றைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துக் கூண்டில் வைத்தேன். நகர்ந்து நகர்ந்து வந்து அதன்மேல் தாடையை வைத்துக்கொண்டது. அன்றையிலிருந்து சாயங்காலம் வரை இரண்டு ஓடு மாற்றி மாற்றி வைக்கிறேன். பகலில் அதன் தினசரி வேலை தூக்கம், என்னுடையது ஓடு.

குன்னூரில் மார்த்தாண்டத்துக்காரன்

சரி அக்கா, கோட்டாறு குளிர் என்று சொன்னது தப்புதான். 12 மணி நேரக் கணக்கை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நைட் ட்யூட்டி

நர்ஸ். ராத்திரி ஷிஃப்ட் வாரங்களில் சாயங்காலம் ஏழு மணிக்கு நான் கிளம்பும்போது அது எழுந்து மூக்கை நீட்டும், காலையில் நான் வரும்போது படுக்கப் போகும். இரண்டு பேரும் பகலில் திரைச்சீலைக்குப் பின்னால் தூங்குவோம். ஒருவரை ஒருவர் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

ஒக்கி புயல். 2017 நவம்பர் 30. எங்கள் தெருவில் ஒன்பது நாள் கரண்ட் இல்லை. வார்டில் கடலோர ஊர்களின் அம்மாக்கள் கடலுக்குப் போனவர்களைப் பெயர் பெயராகக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள், எங்களிடம் பதில் இருக்காது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

நாலாம் நாள் எனக்கு ராத்திரி லீவு. மாடியில் தண்ணீர் டேங்க் காலி, போன் செத்துக் கிடக்கிறது, மெழுகுவர்த்தியும் தீர்ந்துவிட்டது. ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தேன். மாமரம் விழுந்து காம்பவுண்ட் சுவர் உடைந்த இடத்தில் வானம் தெரிந்தது, அதுவும் கருப்பு. சக்கரம் ஓட ஆரம்பித்தது. அது என்றைக்கும் அந்த மாதிரி ஓடிப் பார்த்ததில்லை. நிற்கும், தண்ணீர் குடிக்கும், மறுபடியும் ஓடும். நாலு மணி வரை. ஊரில் ஒரு விளக்கு இல்லாத ராத்திரி அதற்கு எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எனக்கு அதன்மேல் கோபமாகவும் வந்தது, எழுந்து போகவும் மனசில்லை.

அது போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. நாலு வயது இருந்தது. கோட்டாறு தம்பி எழுதிய அந்தத் தூக்கிய காலைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கோட்டாறு வாசி

எல்லோருக்கும் நன்றி. அக்கா, ஓடு யோசனையைச் சித்திரைக்கு எடுத்து வைத்துக்கொண்டேன். குன்னூர் அண்ணே, வெப்பமானி வாங்கிவிட்டேன், ராத்திரி 25 காட்டுகிறது.

கூண்டைப் பின்னறைக்கு மாற்றினேன். ஜன்னல் கிழக்குப் பக்கம், தெருவிளக்கு எட்டாது. அம்மாவிடம் ஸ்டாரை அணைக்கச் சொல்லவில்லை, கேட்க மாட்டார். முதல் இரண்டு நாள் அயனி வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் பதினொன்றே காலுக்கு ஒரு சுற்று, பிறகு நிறுத்தம். நாலாம் நாள் ஜெபம் முடித்து எழுந்த அம்மா, பின்னறைக் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். ஓடிக்கொண்டிருந்தாள்.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்துதான் குடிலைப் பிரித்தோம். கூண்டை ஹாலுக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன். "அங்கன கெடக்கட்டும்லே, டிவி இருக்குல்லா" என்றார் அம்மா.