விண்டோஸ் 11-க்கு மாறிய அச்சக நண்பர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். விருதுநகரில் சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர்: இவைதான் பிழைப்பு.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. என் கணினியில் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும் என்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டுமாம். நன்றாக ஓடும் இயந்திரத்தைத் தூக்கிப் போடச் சொன்னால் வயிறு எரியாதா?

சரி, புதிதாக ஒரு மினி பிசி வாங்கிவிடலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். உண்மையான தலைவலி மென்பொருள்தான். பழைய வேலைகள் எல்லாம் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடு (இன்றைய பொது எழுத்துக் குறியீட்டு முறை) அல்லாத தமிழ் எழுத்துருக்களில் இருக்கின்றன. தட்டச்சு மென்பொருளோ யூஎஸ்பி டாங்கிள் (உரிமத்துக்கான சாவி போன்ற சிறு கருவி) செருகினால்தான் திறக்கும். விண்டோஸ் 11-இல் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதி இயங்கினால், டாங்கிள் போன்ற கருவிகளை இயக்கும் பழைய டிரைவர்கள் தடுக்கப்படலாம் என்று படித்தேன். பாதுகாப்புக்காகப் புதியதை வாங்கிவிட்டு, அதே பாதுகாப்பை அணைத்து வைப்பதில் என்ன பொருள்?

பேஜ்மேக்கருக்குப் பதில் இன்டிசைன் மென்பொருளுக்கு மாறலாம் என்றால், அதன் சிஎஸ்6 பதிப்புக்குப் பின்வந்த பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளை நேரடியாகத் திறப்பதில்லை.

பழைய டாங்கிளை விண்டோஸ் 11-இல் ஓட்டியவர்கள் வழிமுறையைச் சொல்லுங்கள். பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, அச்சு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது சரிவருமா? கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியவர்கள், கிரந்த எழுத்துகளும் 'ஸ்ரீ'யும் சிதையாமல் வந்தனவா என்பதையும் எழுதுங்கள். "லினக்ஸ் போடுங்கள்" என்பவர்கள் பேஜ்மேக்கருக்கு வழி சொல்லிவிட்டு அதைச் சொல்லவும். முகூர்த்த மாதம் தொடங்குவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும்.