மறுபடி பார்க்க மாட்டேன் என்கிற படத்தை ஊருக்குப் போட்டுக் காட்டலாமா?

தெற்குவாடிக்காரன் (பாம்பன்) கேட்டது:

தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பதும் கிழிந்த வலையை முடிவதும் பகலோடு சரி, சாயங்காலமானால் பையன்கள் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் எங்கள் படிப்பகத்தில் வாரம் ஒரு படம் திரை கட்டிப் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். புரொஜெக்டர் கிடைத்துவிட்டது. படம் தேர்ந்தெடுக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள், அங்கேதான் சிக்கல்.

எனக்குப் பிடித்த படங்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மேலே இருப்பவற்றில் பாதி, நானே மறுபடி பார்க்கத் துணியாதவை. மகாநதியை எடுத்துக்கொள்ளுங்கள். கமல் கல்கத்தாவில் மகளைத் தேடிக் கண்டுபிடிக்கிற இடம் கொடுமை என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் எனக்கு அதைவிட முடியாதது, திருநாகேஸ்வரத்தில் மாமியார், பிள்ளைகள், பொங்கல் என்று அந்தக் குடும்பம் நன்றாக இருக்கிற பகுதிதான். என்னவெல்லாம் வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. டிவியில் வந்தால் சேனலை மாற்றிவிடுகிறேன். பாட்டை மட்டும் போனில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இது என்ன கணக்கோ.

அடுத்தது விசாரணை. தமிழில் வந்த மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்று யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போடுவேன். ஆனால் மறுபடி உட்கார மாட்டேன். இப்போது என் கேள்வி: நான் பார்க்க மாட்டேன் என்கிற படத்தை மற்றவர்களிடம் ‘அருமையான படம், உட்கார்ந்து பாருங்கள்’ என்று சொல்வது நியாயமா? ஓடவிட்டு நான் டீக்கடைக்குப் போய்விட்டால் பையன்கள் என்ன நினைப்பார்கள்? அதோடு, பார்க்க வருகிறவர்களில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு மாதக்கணக்கில் உள்ளே கிடந்துவிட்டு வந்த அண்ணன்மாரும் இருப்பார்கள். அவர்கள் முன்னால் லாக்கப் அடியைத் திரை கட்டிக் காட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தங்கச்சிமடத்து அக்கா:

தம்பி, நீ விசாரணையைப் பற்றிக் கவலைப்படுகிறாய், நான் நீர்ப்பறவையைச் சொல்கிறேன். 2012-இல் சீனு ராமசாமி எடுத்தது. கடலுக்குப் போன புருஷன் சுடப்பட்டுச் செத்துப்போக, அவன் உடம்பை வீட்டுக்குள்ளேயே புதைத்துவிட்டு அதன் மேலேயே காலம் தள்ளுகிற எஸ்தர் கதை. வயதான எஸ்தராக நந்திதா தாஸ் உட்கார்ந்திருப்பாரே, அந்த முகத்துக்காகவே படம் எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்றுதான் சொல்ல முடிகிறது, இன்னொரு தடவை பார்ப்பேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் வீட்டுக்காரர் கடலில் இருக்கிற ராத்திரி அதை எப்படிப் பார்ப்பது?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அத்தை இருக்கிறார், அவர் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பவே இல்லை, உடம்பும் கிடைக்கவில்லை. டிவியில் இந்தப் படம் ஓடும்போது அவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மாற்றிவிடலாம் என்று ரிமோட்டைத் தேடினால், “இருக்கட்டும்டி” என்று சொல்லிவிட்டு முழுப் படத்தையும் பார்த்தார். முடிந்ததும் அவர் சொன்ன ஒரே குறை, படகை இப்படியா தள்ளுவார்கள், நம்ம ஆட்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்பதுதான். அழுதது நான்தான். யாருக்கு எது தாங்கும் என்று நாம் வெளியிலிருந்து முடிவு செய்ய வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

கீழக்கரை கப்பல்காரர்:

தம்பி, அழ வைக்கிற படம் வேறு, அழவிடாத படம் வேறு. இதைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

எங்கள் உம்மா பாசமலரை எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. 1961-இல் வந்த படம், இன்றைக்கும் போட்டால் உட்கார்ந்துவிடுவார். கடைசியில் சிவாஜிக்கும் சாவித்திரிக்கும் சேர்த்து அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் எங்களுக்குச் சோறு போடுவார், அதுவும் நல்ல உற்சாகமாக. மூன்றாம் பிறையும் அப்படித்தான். ரயில் நிலையத்தில் தலையில் பானையோடு கமல் ஆடிக் காட்டுகிற முடிவைவிடக் கொடுமை உண்டா? ஆனாலும் 1982-லிருந்து ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். துக்கம் வெளியே போக ஒரு வழி அந்தப் படங்களில் இருக்கிறது. பாட்டு இருக்கிறது, அழுகை இருக்கிறது, சுற்றி நாலு பேர் மூக்கைச் சிந்துகிறார்கள், நாமும் சிந்துகிறோம். விசாரணையில் அது கிடையாது. பாட்டே இல்லை. பிழைக்க வந்த நாலு பையன்களைப் பிடித்துக்கொண்டு போய், எதற்கு அடிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே அடிக்கிறார்கள். பார்க்கிற நமக்குக் கண்ணீர் வருவதில்லை, தொண்டைதான் அடைக்கிறது, அந்த அடைப்போடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார் வெற்றிமாறன். அந்த வேலை ஒரு முறையிலேயே முடிந்துவிட்டது. மறுபடி போகத் தோன்றாததில் ஆச்சரியம் என்ன?

எனக்கு அப்படி ஒரு ஜப்பான் படம் இருக்கிறது, மின்மினிகளின் கல்லறை. இசாவோ தகாஹதா எடுத்தது. கப்பலில் ஒரு பிலிப்பைன்ஸ் நண்பர் லேப்டாப்பில் போட்டார், கார்ட்டூன்தானே என்று உட்கார்ந்தேன். கோபே நகரத்து ரயில் நிலையம் ஒன்றில் அந்தப் பையன் செத்துப்போவதில்தான் படமே தொடங்குகிறது, ஆக முடிவை மறைத்து வைத்து அதிர்ச்சி கொடுக்கிற வித்தை எதுவும் இல்லை. போரில் அம்மாவை இழந்த அண்ணனும் நாலு வயதுத் தங்கையும். அவளிடம் ஒரு பழமிட்டாய் டப்பா. மிட்டாய் தீர்ந்ததும் அண்ணன் அதில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொடுப்பான், இனிக்கிறது என்று குடிப்பாள். பின்னால் பட்டினியில் சுருண்டு கிடக்கும்போது வாயில் எதையோ சப்பிக்கொண்டிருப்பாள், என்ன என்று எடுத்துப் பார்த்தால் விளையாடுகிற தட்டைக் கண்ணாடிக் காய். மிட்டாய் என்று நினைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் அப்போது ஊரில் நாலு வயதில் மகள். அன்றைக்கு ராத்திரி வாட்ச் டூட்டி முடிந்தும் தூங்கவில்லை.

அது முழுக் கற்பனையும் இல்லை. நொசாகா அகியுகி என்கிற எழுத்தாளர், போர்க்காலத்தில் சத்துக்குறைவால் செத்துப்போன தன் தங்கையை நினைத்து 1967-இல் எழுதிய கதை. கதையில் அண்ணனும் சாகிறான், எழுதியவர் பிழைத்துக்கொண்டவர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தப் படத்தின் மேல் மரியாதை கூடியது. மறுபடி பார்க்கிற ஆசை இன்னும் குறைந்தது.

தேவிபட்டினத்துக்காரி:

எல்லாப் படத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள். மறுபடி பார்க்க முடியவில்லை என்றால் படம் பெரிய படம் என்று ஒரு பேச்சு இங்கே எப்போதும் ஓடுகிறது, எனக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. பருத்திவீரன் (2007) பட்டியலில் வரும் என்று தெரியும், அதனால் முந்திக்கொள்கிறேன். முத்தழகாக நடித்த பிரியாமணிக்குத் தேசிய விருது கொடுத்தது நியாயம், அமீர் அந்த ஊரையும் பேச்சையும் பிடித்திருக்கிற விதமும் அபாரம். ஆனால் வீரன் ஆடிய ஆட்டத்துக்கெல்லாம் கணக்குத் தீர்க்க முத்தழகின் உடம்புதான் கிடைத்ததா? கடைசிக் கால் மணி நேரத்தை நான் பார்க்காமல் இருப்பது, தாங்க முடியாததால் மட்டும் இல்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதாலும்தான். இரண்டும் வேறு வேறு.

பரதேசியை நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பாலா மனிதர்களை வதைப்பதில் கொஞ்சம் ருசி கண்டவர்தான், மறுக்கவில்லை. ஆனாலும் தேயிலைத் தோட்டத்திலிருந்து தப்பிக்கவே முடியாது என்று தெரிந்துபோன அதர்வா பாறையில் உட்கார்ந்து கதறிக்கொண்டிருக்கும்போதே, தன் பெண்சாதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கிறானே, அந்த முடிவுக்குப் படம் முழுக்கக் காரணம் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறது. அதை ஒரு முறை பார்த்தவள் என்கிற முறையில் பையன்களுக்குத் தாராளமாகப் போடச் சொல்வேன்.

ராம்நாடு ரசிகன்:

அக்கா, பருத்திவீரன் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த முடிவு வீரனைத்தானே குற்றவாளியாக நிறுத்துகிறது? அவன் வளர்ந்த விதத்துக்கு விழுகிற சாட்டையடி அது. சரி, இது இந்தத் திரியில் முடிகிற சண்டை இல்லை.

தேவிபட்டினத்துக்காரி:

சாட்டை அவனுக்கு, தழும்பு அவளுக்கு. நானும் இதோடு விட்டுவிடுகிறேன்.

முகாமில் வளர்ந்தவன் (மண்டபம்):

அண்ணா, கன்னத்தில் முத்தமிட்டால் உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று தெரியவில்லை, இந்தக் கரையில் போடுகிற யாருக்கும் அது கட்டாயம் நினைவுக்கு வரும். 2002-இல் வந்தது. வயிற்றில் பிள்ளையோடு இலங்கையிலிருந்து படகில் ராமேஸ்வரத்துக்கு வந்து, அகதி முகாமில் பெற்றுப் போட்டுவிட்டுத் திரும்பிப் போகிற தாய், பிறகு அந்தத் தாயைத் தேடிப் போகிற மகள் அமுதா. எனக்கு ரொம்பப் பிடித்த படம். கீர்த்தனாவுக்குக் குழந்தை நட்சத்திர தேசிய விருது கொடுத்தது கொஞ்சமும் மிகையில்லை.

அம்மாவும் அப்பாவும் 1990-இல் படகில் வந்தவர்கள். ஒரு முறை லேப்டாப்பில் போட்டேன். படகுக் காட்சி வந்ததும் அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார். பழையதெல்லாம் நினைவுக்கு வந்து தாங்க முடியவில்லை போல என்று நினைத்தேன். அப்புறம் கேட்டால், “அது வடிவா இருக்குதடா, அதுதான் பார்க்கேலாது” என்றார். அவருக்கு அந்தப் படகில் வந்தது டீசல் நாற்றமும், சத்தம் போடாதே என்று பிள்ளைகளின் வாயைப் பொத்தியதும்தான். மணிரத்னத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் இன்னும் அதைப் பார்க்கிறேன், அம்மா இல்லாத நேரத்தில் பார்க்கிறேன், அவ்வளவுதான். தங்கச்சிமடத்து அக்கா சொன்ன அத்தை ஒரு விதம், எங்கள் அம்மா ஒரு விதம்.

தெற்குவாடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்ன ‘அழவிடாத படம்’ சரியாகப் பொருந்துகிறது. ஆனால் என் கேள்வி இன்னும் அப்படியேதான் நிற்கிறது. உள்ளே இருந்துவிட்டு வந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நாட்டுப்படகு:

நான் இருந்துவிட்டு வந்தவன்தான். எந்த வருஷம், எங்கே என்பதெல்லாம் வேண்டாம்.

விசாரணையை நான் போனில் பார்த்திருக்கிறேன். அடியைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறீர்கள். எனக்கு அந்தப் படத்தில் உறைத்தது அடி இல்லை. குண்டூரில் அந்தப் பையன்களிடம் தெலுங்கில் கேட்பார்கள், இவன்களுக்கு என்ன கேட்கிறார்கள் என்றே புரியாது, எதற்குத் தலையாட்டுவது என்றும் தெரியாது. ஆமாம் என்றாலும் அடி, இல்லை என்றாலும் அடி. புரியாத மொழியில் ஒருவன் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க, அவன் முகத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்கிற நிலைமை இருக்கிறதே, அதைச் சரியாக எடுத்திருக்கிறார்கள். எப்படி இவ்வளவு சரியாக வந்தது என்று விசாரித்தால், அந்தக் கதையை லாக்கப் என்று புத்தகமாக எழுதிய மு. சந்திரகுமார் கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டியவர், அவர் தானே பட்டதை எழுதியிருக்கிறார் என்றார்கள். அப்புறம்தான் சமாதானமானேன். வெனிஸ் திரைப்பட விழா வரைக்கும் போன படம், பாம்பனில் போட்டால் என்ன?

போடு தம்பி. மறுபடி பார்ப்பேனா என்றால் பார்க்க மாட்டேன், நானும் உன்னோடு டீக்கடைக்குத்தான் வருவேன். ஒரே ஒரு கோரிக்கை. படம் முடிந்ததும் கலந்துரையாடல் என்று சொல்லி, எங்களை எழுப்பி நிறுத்தி மைக்கை நீட்டாதீர்கள். போன வருஷம் வேறு ஒரு ஊரில் யாரோ அப்படிச் செய்து, ஒரு பெரியவர் பாதியில் எழுந்து போய்விட்டார். பேச நினைக்கிறவன் தானே பேசுவான். என்ன படம் என்பதை முதல் நாளே போர்டில் எழுதிப் போடு, வேண்டாம் என்கிறவன் வராமல் இருந்துகொள்வான்.

கீழக்கரை கப்பல்காரர்:

இதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. ஒரு யோசனை மட்டும். அந்த மின்மினிப் படத்தை 1988-இல் ஜப்பானில் தனியாக விடவில்லை. மியாசாகி எடுத்த டோட்டோரோ என்கிற பிள்ளைகள் கார்ட்டூனோடு சேர்த்து, ஒரே டிக்கெட்டில் இரண்டு படமாக விட்டார்கள். அதுபோல நீங்களும் ஜோடியாகப் போடலாம். சின்னப் பிள்ளைகள் எப்படியும் வந்துவிடும், விரட்டினாலும் போகாது. இருட்டியதும் முதலில் டோட்டோரோ, பேச்சு புரியாவிட்டாலும் பரவாயில்லை, பூனை பஸ்ஸாக வந்து நின்றால் போதும். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பெரியவர்களுக்கு விசாரணை.

தெற்குவாடிக்காரன்:

சரி காக்கா, அப்படியே செய்கிறோம். போர்டும் எழுதிவிடுகிறோம், மைக் கிடையாது. மகாநதியை இந்த வருஷப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன், அது என் சொந்தப் பிரச்சினை. மே கடைசிக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும், கச்சான் காற்று பலத்துவிட்டால் திரை நிற்காது. உச்சிப்புளி, மண்டபம் பக்கம் யாரிடமாவது நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி இரவல் கிடைக்குமா? எங்களிடம் இருப்பதில் ஒன்று கரகரக்கிறது.