திம்பத்தில் அறுந்துபோகும் சிக்னல், வாயேஜரிலிருந்து மட்டும் எப்படி வருகிறது?

கேள்வி (தாளவாடியிலிருந்து):
அனைவருக்கும் வணக்கம். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் என் கைப்பேசியில் சிக்னல் அறுந்துவிடுகிறது. 1977-இல் ஏவப்பட்ட நாசாவின் வாயேஜர் 1 விண்கலமோ, 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து இன்னும் பேசுகிறது. அதன் ஒலிபரப்பித் திறன் ஏறக்குறைய 23 வாட்தானாம். எங்கள் கட்டுத்தரையில் எரியும் பல்பும் அவ்வளவுதான். இது எவ்வாறு இயலும்?

பதில் 1 (பொள்ளாச்சி):
ஐயா, உங்களுக்குத் தடை தூரமன்று, மலை. விண்வெளியில் மறைப்பதற்கு எதுவுமில்லை என்றாலும், தூரம் இரு மடங்கானால் அலையின் வலிமை கால் பங்காகிவிடும். ஆகவே வாயேஜர் தன் 23 வாட்டை நாற்புறமும் இறைத்துவிடாமல், 3.7 மீட்டர் டிஷ்ஷால் குவித்துப் பூமியை நோக்கி மட்டும் அனுப்புகிறது. அதைப் பிடிக்க கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெரா ஆகிய மூன்று இடங்களில் நாசாவின் 70 மீட்டர் டிஷ்கள் உள்ளன. அவற்றில் சிக்னலைப் பெருக்கும் கருவிகளைக் கடுங்குளிரில் வைக்கிறார்கள். இல்லையேல் கருவியின் சொந்த வெப்ப இரைச்சலே செய்தியை விழுங்கிவிடும்.

குறி தவறினால் எல்லாம் போயிற்று. தென்னை மட்டை விழுந்து எங்கள் வீட்டு டிஷ் இரண்டு விரற்கடை திரும்பியதற்கே படம் நின்றுவிட்டது. 2023 ஜூலையில் ஒரு தவறான கட்டளையால், இதன் இணைக்கலமான வாயேஜர் 2-இன் டிஷ் வெறும் 2 பாகை விலக, தொடர்பே அறுந்தது; ஆகஸ்டில் கான்பெராவிலிருந்து மிகுந்த வலிமையுடன் அனுப்பிய கட்டளைதான் அதை மீட்டது.

பதில் 2 (கோயம்புத்தூர்):
வேகத்தையும் சொல்ல வேண்டும். வாயேஜர் 1 நொடிக்கு 160 பிட் (0 அல்லது 1 என்னும் குறி) அளவிலேயே அனுப்புகிறது. உங்கள் கைப்பேசியின் 5 எம்பி படமொன்று வந்துசேர மூன்று நாள் பிடிக்கும். கிணற்று மேட்டிலிருந்து தோட்டத்துக் கடைக்கோடியில் இருப்பவரை “ஏனுங்...” என்று இழுத்துக் கூப்பிடுவோமே, அதைப்போல ஒவ்வொரு பிட்டையும் நீட்டி அனுப்பினால்தான் இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியும். நம் நாட்டுக்கும் இத்தகைய நிலையம் உண்டு: பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராயிருந்த சந்திரயான் 1-க்காக, பெங்களூரு அருகே பைலாலுவில் 32 மீட்டர் டிஷ் நிறுவப்பட்டது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் வாயேஜர் 1-இடம் திங்கள் காலை கேட்டால் புதன் காலைதான் பதில் வருமா?

பதில் 1 (பொள்ளாச்சி):
ஆமாம், ஒரு வழிக்கே 22 மணி நேரத்துக்கு மேலாகும். அதனால்தான் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் அவற்றில் உண்டு. கான்பெராவின் குரல் எட்டாமற் போயிருந்தாலும், வாயேஜர் 2 அந்த ஆண்டு அக்டோபர் 15 அன்று தானாகவே பூமியின் பக்கம் திரும்பியிருக்கும்.