லேசரில் வெட்டிய பவளப்பாறை: கலைஞரின் கைக்கு என்ன வேலை?

கத்திமுனை:
ரோகன் பிரவுனின் காகிதச் சிற்பங்களை ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். நுண்ணுயிரிகளும் பவளப்பாறைகளும் வெள்ளைத் தாளில் அடுக்கடுக்காக எழுந்து நிற்கின்றன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கத்தியோடு லேசரையும் பயன்படுத்துகிறார். அங்கேதான் எனக்கு மனசு ஒப்பவில்லை. கையால் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும்: உள்ளே இருக்கும் பொடித் துளைகளை முதலில் வெட்டணும், வெளிக்கோட்டைக் கடைசியில்தான் தொடணும். இல்லையென்றால் தாள் ஆடிவிடும். வளைவு வந்தால் தாளைத்தான் திருப்பணும். முனை கொஞ்சம் மழுங்கினாலே நார் பிய்ந்து ஓரம் பிசிறடிக்கும். இயற்கையை நுணுகிப் பார்க்கிற பொறுமை இந்த உழைப்பில்தான் வருகிறது. மெஷினுக்கு ஃபைலைக் கொடுப்பவருக்கு அது எங்கிருந்து வரும்?

நிழல்வேட்டை:
அந்த ஃபைல் தானாகவா வருகிறது நண்பரே? ஒவ்வொரு அடுக்கையும் யாராவது வரைந்தாகணும். எந்த அடுக்கு எதை மறைக்கும், எந்தத் துளை வழியாக எது எட்டிப் பார்க்கும் என்று முன்கூட்டியே யோசிக்கணும். அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி குறைந்தால் நிழல் விழாமல் சப்பையாகத் தெரியும். கூடிப்போனால் பின் அடுக்கு இருட்டில் போய்விடும். லேசரும் லேசுப்பட்டதில்லை, அது தாளை எரித்துத்தான் வெட்டுகிறது. சக்தியைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலும் ஓரம் பழுப்பேறும், மெல்லிய இணைப்புகள் கருகி உதிரும்.

செங்காந்தள்:
மேரி டிலேனியை யாரும் சொல்லவில்லையே! 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர். 72 வயதில் தொடங்கி, கண்பார்வை மங்கும்வரை காகிதத் துண்டுகளாலேயே பூச்செடிகளைச் செய்தார். ஆயிரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கறுப்புப் பின்னணியில் ஒவ்வொரு இதழும், ஒவ்வொரு மகரந்தத் தாளும் தனித்தனியாக வெட்டி ஒட்டியது. தாவரவியலாளர்களே மெச்சிய துல்லியம்.

கத்திமுனை:
நான் சொல்ல வந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? செடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டியவர் அவர். லேசர் வேலைகளில் பாருங்கள், ஒரே வடிவத்தை நகலெடுத்து நூறு இடத்தில் ஒட்டியிருப்பார்கள். ஒரு மரத்தில் ஒன்றைப் போலவே இன்னொரு இலை இருக்கிறதா?

நிழல்வேட்டை:
அது வரைந்தவரின் சோம்பல். லேசர் மேல் ஏன் பழி போடுகிறீர்கள்?

கடலோடி:
இருவரும் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், நிறத்தை விட்டுவிட்டீர்கள். கடல் நீர் சூடேறினால், பவளம் தன் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடும். நிறமும் உணவில் பெரும்பங்கும் அந்தப் பாசியிடமிருந்துதான் வருகிறது. அது போனபின் கண்ணாடி போன்ற திசு வழியாக வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரியும். பிரவுனின் வெள்ளைப் பவளங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த வெளிறிய பாறைதான் தெரிகிறது. வண்ணம் பூசியிருந்தால் வெறும் அலங்காரமாகியிருக்கும். எதைக் கொண்டு வெட்டினார் என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

கத்திமுனை:
நிறத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி சார். ஆனால் கருவி எனக்கு இரண்டாம்பட்சம் ஆகாது. ஜப்பானின் ஒகினாவாவில் பிறந்த கலைஞர் யூகென் தெருயாவின் காகிதப் பைகளைப் பாருங்கள். கடையில் பொருள் போட்டுத் தரும் பை. அதன் ஒரு பக்கத்திலேயே மரத்தை வெட்டி, உள்ளே மடித்து நிறுத்துகிறார். வெளியிலிருந்து வேறு தாள் எதையும் சேர்ப்பதில்லை. வெட்டிய துளை வழியாகவே வெளிச்சம் இறங்கி அந்த மரத்தின் மேல் விழுகிறது. ஒவ்வொரு கிளையும் எந்தப் பக்கம் சாயணும் என்பதை விரல்தான் தீர்மானிக்கிறது.

நிழல்வேட்டை:
தெருயா அபாரம், அதில் சண்டையே இல்லை. ஆனால் அது பைக்குள் அடங்குகிற மரம். சுவர் முழுக்கப் பரவும் பாறைக்கும் அதே விதியைப் போட்டால் பாதிக் கலைஞர்கள் தொடங்கவே மாட்டார்கள்.

கத்திமுனை:
தொடங்கட்டும், லேசரிலேயே வெட்டட்டும். பக்கத்தில் வைக்கும் விவரக் குறிப்பில் எந்த அடுக்கு கத்தி, எந்த அடுக்கு லேசர் என்று எழுதட்டும். பார்க்கிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது.